பழைய டிராக்டரின் கியர் பெட்டி: கோளாறை எங்கிருந்து தேடுவது?

நெடுங்காலம் கொட்டகையில் கிடந்த டிராக்டரின் எஞ்சினை எழுப்புவதற்குப் பெரும்பாலும் பொறுமை இருந்தால் போதும். டீசல் தொட்டியைக் கழுவி, நாசில்களைச் சோதித்து, குழாயில் அடைபட்ட காற்றை வெளியேற்றினால் பல எஞ்சின்கள் புகை கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கிவிடுகின்றன. சீரமைப்பு தடுமாறுவது அடுத்த கட்டத்தில். கியர் விழாது. விழுந்தால் நிற்காது. நின்றாலும் வண்டி நகராது. நகர்ந்தால் அடியிலிருந்து அரைக்கும் சத்தம் வரும்.

கோளாறு எண்ணெயிலா, கிளட்சிலா, கியர் கோலுக்கு அடியில் இருக்கும் செலக்டரிலா, பல்சக்கரங்களிலா? எதை முதலில் பார்ப்பது? உற்பத்தியாளரின் பணிமனைக் கையேடு இதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. தோட்டத்து ஃபிட்டர் வேறு பதில் வைத்திருந்தார். பிரிட்டனில் பழைய டிராக்டர்களைச் சேகரிப்போர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறார்கள். இவை மூன்றுக்கும் முந்தியதாக, எண்ணெயை மாற்றிப் பார் என்ற பதிலும் உண்டு. ஒவ்வொரு பதிலும் ஒரு குறிப்பிட்ட வேலைச் சூழலில் பிறந்தது. மலேசியாவின் பேரா மாநிலத்தில் முன்னாள் ரப்பர் தோட்டங்களில் உழைத்த டிராக்டர்களுக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பதே இங்கே கேள்வி.

ஏர் இழுக்காத டிராக்டர்கள்

இன்று சீரமைக்கத் தக்கவை என்று தேடப்படுபவை பெரும்பாலும் பிரிட்டிஷ் வண்டிகள். கோவென்ட்ரி நகரின் பேனர் லேன் ஆலையில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான சாம்பல் நிற ஃபெர்குசன் டிஇ20, அதன் வழிவந்த மாஸி ஃபெர்குசன் 35, 1964-இல் வந்த 135, ஃபோர்டு நிறுவனம் 1957-இல் கொண்டுவந்த ஃபோர்ட்சன் டெக்ஸ்டா ஆகியவை இந்த வரிசையில் வரும். இவற்றுக்குப் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. லோரிக்கு இருப்பதுபோல் தனிச் சட்டம் இவற்றுக்குக் கிடையாது. எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சுக்கூடு மூன்றும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைந்து, அவையே வண்டியின் முதுகெலும்பாகின்றன. கிளட்சைப் பார்க்கவேண்டுமானால் வண்டியை நடுவில் பிளக்கவேண்டும். கியர் பெட்டியை முழுதாக வெளியே எடுக்க இரண்டு இடங்களில் பிளக்கவேண்டும். கோளாறு எங்கே என்ற கேள்விக்கு இவ்வளவு எடை வந்ததற்கு இந்த அமைப்பே காரணம். தவறாக ஊகித்தால் பல நாள் உழைப்பு வீண்.

இவை யாவும் உழவுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஹேரி ஃபெர்குசனின் புகழே ஏரையும் டிராக்டரையும் ஒரே பொறியாக இணைத்த மும்முனை இணைப்பில்தான் இருக்கிறது. ரப்பர் தோட்டத்திலோ நட்டு வளர்ந்த மரங்களுக்கிடையே உழவு கிடையாது. அங்கே டிராக்டரின் வேலை இழுவை: பால் தொட்டி, கட்டிப்பால் மூட்டை, உரம், புகைக்கூடத்துக்கு விறகு, பிற்பாடு ரப்பர் போய்ச் செம்பனை வந்த இடங்களில் பழக்குலைகள். சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கத்து மேடுபள்ளங்களில் ஒரு விதம். பாகான் டத்தோ, தெலுக் இந்தான் பக்கத்துச் சமவெளி ஈர மண்ணில் இன்னொரு விதம். பேராவின் வடமேற்கு மூலையான கிரியானில் மட்டும் கதை வேறு. 1906-இல் முடிந்த பாசனத் திட்டத்துக்குப் பிறகு பெரும் நெல் வட்டாரமான அங்கே டிராக்டர் சேற்றில் இறங்கியது. கையேடுகளின் கோளாறு அட்டவணையைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்கவேண்டும்.

முதல் பதில்: எண்ணெய்

முதலில் எண்ணெயை மாற்றிப் பார், பிறகு பேசலாம் என்பது மிகப் பழைய பதில். செலவு குறைவு, எதையும் பிரிக்கத் தேவையில்லை என்பதால் அது நிலைத்தது. ஈர மண்டலத்தில் இதற்கு வலுவான நியாயமும் இருக்கிறது. கியர் கோலின் ரப்பர் உறை வெயிலில் வெடித்துவிட்டால் மழைநீர் நேராகப் பெட்டிக்குள் இறங்கும். உறை நன்றாக இருந்தாலும், பாதி காலியான பெட்டிக்குள் பகலில் சூடேறி இரவில் குளிரும் காற்று தன் ஈரத்தை இரும்புச் சுவரில் விட்டுவிடும். தீபகற்பத்திலேயே மழை மிகுந்த ஊர்களில் ஒன்றான தைப்பிங் போன்ற இடத்தில், கூரையில்லாமல் நின்ற வண்டியின் எண்ணெய் பால் நிறமாக இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் எண்ணெயை மாற்றுவதும் எண்ணெயைப் படிப்பதும் வேறு வேறு வேலைகள். முதலாவதை அவசரமாகச் செய்கிறவர்கள் இரண்டாவதற்கான வாய்ப்பை இழக்கிறார்கள். வண்டியைச் சமதரையில் சில நாள் அசைக்காமல் நிறுத்தி, வடிகால் திருகாணியை முழுதும் கழற்றாமல் மெல்லத் தளர்த்தினால் அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். எண்ணெயோடு கலந்து குழம்பாகிவிட்ட நீர் அப்படிப் பிரியாது. அதை நிறமே காட்டிக்கொடுக்கும். வடித்த எண்ணெயில் சாம்பல் நிறச் சேறு மெல்லியதாக இருந்தால் அது பல்லாண்டு உழைப்பின் இயல்பான தேய்மானம். செதில் செதிலாக மின்னும் எஃகுத் துணுக்கு, பேரிங் அல்லது பல்லின் மேற்பரப்பு உரியத் தொடங்கியதைச் சொல்கிறது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் துகள் வெண்கலப் புஷ்ஷிலிருந்தோ வாஷரிலிருந்தோ வந்தது. உடைந்த ஊசி உருளை ஒன்று கிடைத்தால் எந்தப் பேரிங் என்பதே ஏறக்குறையத் தெரிந்துவிடும். இவ்வளவையும் சொல்லும் எண்ணெயை ஒரு வாளியில் ஊற்றித் தூர எறிவது பெரிய இழப்பு.

எந்த எண்ணெயை ஊற்றுவது என்பதில் கருத்து வேறுபாடு கூர்மையானது. டிஇ20, 35 ஆகியவற்றில் கியருக்கும் பின் அச்சுக்கும் ஹைட்ராலிக் பம்புக்கும் ஒரே எண்ணெய்தான். தடித்த எண்ணெய் பல்லுக்கு இதம், பம்புக்குப் பாரம். டெக்ஸ்டாவில் கியர் பெட்டியின் எண்ணெய் பின் அச்சின் எண்ணெயிலிருந்து பிரிந்திருப்பதால் இந்த இழுபறி குறைவு. அங்கே ஒரு பக்கம் மட்டம் குறைந்து மறுபக்கம் கூடினால், இடையில் இருக்கும் சீல் போய்விட்டது என்று பொருள். பழைய தயாரிப்பாளர் குறிப்பையே பின்பற்றவேண்டும் என்பது ஒரு தரப்பு. இன்றைய பொதுவகை டிராக்டர் எண்ணெய் ஈரத்தைச் சமாளிப்பதில் மேம்பட்டது என்பது மறு தரப்பு. ஜிஎல்-5 வகை கியர் எண்ணெயின் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் வெண்கலப் பாகங்களை அரிக்கலாம் என்ற எச்சரிக்கை நீண்ட நாளாக இருக்கிறது. இப்போதைய தயாரிப்புகளில் அந்த ஆபத்து தணிந்திருப்பதாகச் சொல்லப்பட்டாலும், வெண்கலப் புஷ் உள்ள பெட்டியில் ஜிஎல்-4 அளவோடு நிற்பதே பாதுகாப்பானதாகத் தோன்றுகிறது. ஒன்று மட்டும் உறுதி: 140 போன்ற மிகத் தடித்த எண்ணெய் சத்தத்தை அடக்கும், நோயைத் தீர்க்காது. விற்பதற்கு முன் அப்படி ஊற்றப்பட்ட வண்டி, வாங்குபவரை மாதக்கணக்கில் ஏமாற்றக்கூடும்.

இரண்டாவது பதில்: கிளட்ச்

கியர் பெட்டியைக் குற்றம் சொல்லுமுன் கிளட்சைப் பார் என்பது கையேடுகளின் மரபு. ஒரு எளிய சோதனை இதற்கு அடிப்படை. எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் தடையின்றி விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் அரைத்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று கருதலாம். நெடுநாள் நின்ற வண்டியில் கிளட்ச் தட்டு துருவினால் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்வது சாதாரணம். மிதியை அழுத்தி மரக்கட்டையால் பூட்டி வைத்து, பாதுகாப்பாகச் சற்றே அசைத்துப் பார்த்தால் சில வேளை விடுபடும். விடுபட்டாலும் தட்டின் முகம் பழுதாகியிருக்கக்கூடும். ஃபிளைவீல் நடுவில் இருக்கும் சிறிய பைலட் பேரிங் இறுகிப்போனாலும் இதே அறிகுறிதான். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் உள்ளீட்டுத் தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும்.

சத்தமும் இடம் சொல்லும். நியூட்ரலில் மிதியை விட்டிருக்கும்போது வரும் இரைச்சல் மிதியை அழுத்தியதும் நின்றால், சந்தேகம் உள்ளீட்டுத் தண்டின் பேரிங் மீதும் எப்போதும் சுற்றும் சக்கரங்கள் மீதும் போகவேண்டும். அழுத்தும்போதுதான் சத்தம் பிறக்கிறது என்றால் விடுவிப்புப் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் என்றால் அந்தக் கியர். கியர் எதுவானாலும் வண்டி நகரும்போதெல்லாம் வருகிறது என்றால் பின் அச்சு.

வண்டி நகரவே மறுக்கும்போது டிஇ20-இல் இன்னொரு நல்ல சோதனை உண்டு. அதில் பின்னால் பூட்டும் கருவிகளை இயக்கும் பிடிஓ தண்டும் கிளட்ச் வழியாகவே சக்தி பெறுகிறது. பிடிஓ சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை என்றால் கிளட்ச் தட்டு குற்றமற்றது. கோளாறு கியரிலோ, டிஃபரென்ஷியலிலோ, முறிந்த அரைத்தண்டிலோ இருக்கிறது. ஒரு பக்க அரைத்தண்டு முறிந்தாலே டிஃபரென்ஷியல் தன் சக்தி முழுவதையும் அந்தப் பக்கம் வீணடித்துவிடும் என்பதால், மறுபக்கச் சக்கரம் நன்றாக இருந்தும் வண்டி நகராது. 35, 135 வண்டிகளில் இரட்டைக் கிளட்ச் உள்ள வகைகளுக்கு இந்தச் சோதனை செல்லாது. அங்கே பிடிஓவுக்குத் தனித் தட்டு. மிதியைப் பாதி அழுத்தினால் கியர் விடுபடும், முழுதும் அழுத்தினால்தான் பிடிஓ விடுபடும். இந்த இரு நிலைகளின் சரிப்படுத்தல் தவறினால் கியர் அரைக்கும். பெட்டியின் மேல் பழி விழும்.

கிளட்ச்தான் என்ற பதிலின் பலவீனம், அது எல்லாவற்றையும் விளக்க முயல்வது. விழுந்த கியர் தானாக வெளியேறுவதற்குக் கிளட்சை நேரடிக் காரணமாகச் சொல்வது கடினம்.

மூன்றாவது பதில்: மேல்மூடி

தோட்டப் பட்டறைகளில் வேலை செய்த ஃபிட்டர்களின் நிலை வேறு. காலையில் பெரட்டுக்கு ஆள் கூடும்போது வண்டி நிற்கவேண்டும். பால் எடுக்கும் நேரம் தள்ளிப்போகாது, தாமதித்தால் பால் உறைந்துவிடும். வண்டியைப் பிளந்து போட நேரமில்லாத இடத்தில், கியர் கோல் பொருந்திய மேல்மூடியை மட்டும் கழற்றிப் பார்ப்பதே நடைமுறை அறிவு. அதில் உண்மையும் நிறைய இருக்கிறது. கோலின் கீழ்முனை தேய்ந்து செலக்டரின் பள்ளத்திலிருந்து நழுவினால், ஒரு கியரில் இருக்கும்போதே இன்னொன்று விழுந்து பெட்டி பூட்டிக்கொள்ளும். எஞ்சினைப் போட்டால் அணைந்துவிடும்; தள்ளினாலும் வண்டி நகராது. பார்ப்பவர் கியர் பெட்டி உள்ளே உடைந்துவிட்டது என்றே நினைப்பார். மூடியைத் திறந்து, செலக்டர்களை நியூட்ரலுக்கு நகர்த்தி, தேய்ந்த முனைக்கு வெல்டு ஏற்றி ராவிச் சரிசெய்தால் வேலை முடிகிறது. கியர் நிற்காமல் வெளியேறுவதற்கும் தண்டைப் பிடித்து நிறுத்தும் குண்டின் சுருள்வில் தளர்ந்தது, ஃபோர்க் வளைந்தது போன்ற காரணங்கள் இங்கேயே கிடைக்கலாம்.

இந்த மரபைத் தற்காலிக ஒட்டுவேலை என்று ஒதுக்குவது நியாயமில்லை. திறப்பது குறைவு, கெடுப்பது குறைவு, பார்ப்பது நிறைய என்ற கணக்கில் அது கையேட்டைவிட மேலானது. அதன் எல்லை வேறிடத்தில் இருக்கிறது. புதிய சுருள்வில் போட்டபின் சில வாரம் கியர் நின்று மீண்டும் வெளியேறத் தொடங்கினால், விசை உள்ளிருந்து வருகிறது. பற்களின் முனை சாய்வாகத் தேய்ந்திருக்கலாம். பேரிங் தளர்ந்து தண்டு சாய்ந்திருக்கலாம். வலுவான வில் அதைச் சிறிது காலம் மறைக்கும், அதற்குள் ஃபோர்க் தேயும்.

நான்காவது பதில்: பிளப்பது

எப்படியும் ஒருநாள் பிளக்கத்தான் வேண்டும், இப்போதே பிளந்து எல்லாப் பேரிங்கையும் சீலையும் மாற்றிவிடு என்பது சேகரிப்போரின் நிலை. அவர்களுக்கு அவசரம் இல்லை. காங்கிரீட் தரை இருக்கிறது. உதிரி பாகச் சந்தை அருகில் இருக்கிறது. காட்சிக்கும் அணிவகுப்புக்கும் போகும் வண்டிக்கு இது பொருந்தும். செம்மண் தரையில், தகரக் கூரையின் கீழ், இரண்டு ஜாக்கும் மரக்கட்டைகளும் கொண்டு செய்பவருக்கு இது ஆபத்தான அறிவுரை. முன் அச்சு நடுவில் ஒற்றை ஊசியில் ஆடும் அமைப்பு என்பதால், இருபுறமும் ஆப்பு அடிக்காமல் பிளந்தால் எஞ்சின் பக்கவாட்டில் சாயும். ஆளைக் கொல்லும் எடை அது.

இன்னொரு குறையும் உண்டு. பேரிங்குகளுக்குப் பின்னால் வைத்த மெல்லிய ஷிம்களின் தடிமன் ஆலையில் அளந்து வைத்தது. எது எங்கே இருந்தது என்று குறிக்காமல் பிரித்தவர், இருந்த கோளாறை நீக்கிப் புதிய கோளாறைச் சேர்க்கிறார். சேர்ந்து தேய்ந்த இரண்டு சக்கரங்களில் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டாலும் இதுவே நடக்கும். இரைச்சல் முன்னைவிடக் கூடும். பிளப்பது தவறல்ல. எண்ணெயும் ஒலியும் மேல்மூடியும் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டு, எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து பிளக்கவேண்டும்.

வண்டி என்ன வேலை செய்தது?

நான்கு பதில்களும் ஒரு பொது அனுமானத்தின் மேல் நிற்கின்றன: எல்லா டிராக்டரும் ஒரே மாதிரி தேய்கிறது. பேராவில் இது பொருந்துவது ஐயத்துக்குரியது. ஏர் இழுக்கும் வண்டி தாழ்ந்த கியர்களில், ஒரே திசையில், சீரான பாரத்தோடு உழைக்கிறது. பல்லின் முன்முகம் தேய்கிறது. டிரெய்லர் இழுக்கும் வண்டி நாள் முழுதும் உயர்ந்த கியரில் ஓடுகிறது, அடிக்கடி நின்று கிளம்புகிறது. இறக்கத்தில் பாரம் வண்டியைத் தள்ளுகிறது. அப்போது சக்தி தலைகீழாகப் பாய்ந்து பல்லின் பின்முகத்தையும், தண்டின் மறுமுனை வாஷரையும் தேய்க்கிறது. எஞ்சின் பிடிமானத்தை விட்டு நியூட்ரலில் உருட்டி, கீழே வந்ததும் கியரைத் திணிக்கும் பழக்கம் இருந்தால், 35 போன்ற சறுக்குச் சக்கரப் பெட்டியில் பற்களின் முனைகள் சிதைந்திருக்கும். எப்போதும் பிணைந்தே சுற்றும் சக்கரங்கள் கொண்ட டிஇ20-இல் அந்த அடி பிணைப்பு வளையத்தின் பற்களில் விழும்.

ஆகவே கியர் எப்போது வெளியேறுகிறது என்ற கேள்வி, வெளியேறுகிறதா என்ற கேள்வியைவிடப் பயன்தரும். ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது வெளியேறினால் முன்முகம்; இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விடும்போது வெளியேறினால் பின்முகம். முந்தையது உழவு வண்டியின் அடையாளமாகவும் பிந்தையது இழுவை வண்டியின் அடையாளமாகவும் இருக்க வாய்ப்புண்டு. கிரியான் வயலில் கூண்டுச் சக்கரம் பூட்டி உழைத்த வண்டிக்கு இரண்டுமல்லாத மூன்றாவது பிரச்சினை: அச்சு சீல் வழியே நுழைந்த சேற்றுநீர். அங்கே கியரைவிடப் பின் அச்சையும் பிரேக்கையும் முதலில் பார்ப்பது பொருத்தம்.

இறக்கத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். 1962 முதல் சில மாஸி ஃபெர்குசன் வண்டிகளில் வந்த மல்டி-பவர் அமைப்பில், ‘லோ’ நிலையில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. சக்கரம் தடையின்றி உருளும். இது கோளாறல்ல, வடிவமைப்பு. அறியாதவர் கியர் வெளியேறிவிட்டதாக நினைத்துப் பெட்டியைப் பிரிக்கலாம். அதைவிட மோசமாக, பாரத்தோடு இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி மாட்டிக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து ஈப்போ வரை

காரணம் தெரிந்தபின் பாகம் வேண்டும். 35-க்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. 1960-இல் மாஸி ஃபெர்குசன் கூட்டுறவோடு சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம், 35-இன் வழித்தோன்றலான 1035 வண்டியை இந்தியாவில் நிலைநிறுத்தியது. பிரிட்டனில் நின்றுபோன வடிவம் தமிழ்நாட்டில் தொடர்ந்ததால், அந்தக் குடும்பத்துக்கான பேரிங், சீல், கியர் முதலியவை இன்றும் கிடைக்கின்றன. எல்லாம் அப்படியே பொருந்தும் என்று எண்ணக்கூடாது. பல் எண்ணிக்கையையும் தண்டின் வரிப்பள்ளங்களையும் எண்ணிப் பார்த்தே வாங்கவேண்டும்.

கிடைக்காத பாகத்துக்கு ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கின் பட்டறை மரபு கைகொடுக்கிறது. ஈயச் சுரங்கங்களுக்காக இரும்பு வார்க்கவும் பல்சக்கரம் வெட்டவும் கற்ற ஊர்கள் இவை. 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த தஞ்சோங் துவாலாங் ஈயக்கப்பல் இன்று பாதுகாக்கப்பட்டு நிற்பது அந்தத் தொழில்திறனுக்கும் சான்று. ரப்பர் தோட்டத்தின் பொறிகளுக்கு அத்தகைய கவனிப்பு இன்னும் வாய்க்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது. அவற்றை ஓட்டியும் பழுதுபார்த்தும் காத்தவர்களில் பலர் தமிழர்கள். அவர்களது உழைப்பின் பதிவு அந்தப் பற்களில் இருக்கிறது.

எஞ்சியிருக்கும் கேள்விகள்

தேய்ந்த பல்லுக்கு வெல்டு ஏற்றி மீண்டும் வெட்டுவது எவ்வளவு காலம் தாங்கும் என்பதில் உடன்பாடில்லை. செலக்டர் முனைக்கு அது போதும். முழுப் பாரம் தாங்கும் பல்லில், கடினப்படுத்திய மேற்பரப்பு வெப்பத்தில் இளகிவிடும் என்பதால் ஐயம் நியாயமானது. இரண்டு வண்டிகளைப் பிரித்து ஒன்றைச் சேர்ப்பது சீரமைப்பா என்பதும் முடியாத விவாதம். பெட்டியே கிடைக்காத நிலையில் அதைத் தடுக்க வலுவான காரணம் தெரியவில்லை. ஆனால் எந்தப் பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று எழுதி வைக்காமல் செய்வது சரியல்ல.

இழுவை வண்டிகளின் தேய்மானம் வேறு என்ற கருத்து, பொறியின் இயக்கத்திலிருந்து பெறப்பட்ட ஊகம். அதைச் சோதிக்க ஆவணங்கள் வேண்டும். 1950-களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் பல தோட்டங்கள் கைமாறின. அதை எதிர்கொள்ளவே 1960-இல் சுங்கை சிப்புட்டின் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். இத்தனை கைமாற்றங்களுக்கும் பிறகு பட்டறைப் பதிவேடுகள் எங்கேனும் எஞ்சியிருந்தால், எந்தக் கியர் எத்தனை முறை மாற்றப்பட்டது என்பதை அவை சொல்லும். பதிவேடு இல்லாத இடத்தில், ஓய்வுபெற்ற ஃபிட்டர்களிடமும் ஓட்டுநர்களிடமும் கேட்டு எழுதுவதைத் தள்ளிப்போட முடியாது. பொறிகளிடமும் கேட்கலாம். சுங்கை சிப்புட்டின் மேட்டில் ஓடிய 35 ஒன்றையும் பாகான் டத்தோவின் சமவெளியில் ஓடிய 35 ஒன்றையும் அருகருகே பிரித்து, உயர்ந்த கியரின் பற்களில் எந்த முகம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்தால், இந்த ஊகம் நிற்கிறதா விழுகிறதா என்பதற்கு முதல் சான்று கிடைக்கும்.